தீயும் வளர்கிறது, கோவேறு கழுதை ஈனுவதில்லை: உயிருள்ளவற்றின் பண்புகளை எப்படிப் படிக்க வேண்டும்?

பதினொன்றாம் வகுப்பில் உயிரியலைத் தொடங்கியிருக்கும் ஒரு மாணவியின் கேள்வி இது. வளர்ச்சி, வளர்சிதை மாற்றம், சுவாசம், தூண்டலுக்குத் துலங்கல், தன்நிலை காத்தல், இனப்பெருக்கம், செல்லால் ஆன உடல் என்று உயிருள்ளவற்றின் பண்புகள் பாடத்தின் தொடக்கத்திலேயே அடுக்கப்படுகின்றன. ஆனால் தீயும் வளர்கிறது, ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது, பரவிப் பெருகுகிறது. உப்புப் படிகமும் வளர்கிறது. கோவேறு கழுதை குட்டி போடுவதில்லை. உலர்ந்த விதை இவற்றில் எதையும் செய்வதாகத் தெரியவில்லை. இத்தனை விலக்குகள் இருக்கும்போது அந்தப் பட்டியலுக்கு என்ன மதிப்பு என்று அவர் கேட்கிறார்.

பட்டியலில் பிழையில்லை, அது சொல்லாமல் விடுவதில்தான் சிக்கல் இருக்கிறது. முதலாவதாக, அது வரையறை அன்று, அடையாளங்களின் தொகுப்பு. ஓர் அடையாளம் மட்டும் பொருந்துவதால் ஒன்று உயிருள்ளதாகிவிடாது, ஓர் அடையாளம் விடுபடுவதால் உயிரற்றதாகிவிடாது. இரண்டாவதாக, அந்தப் பண்புகள் அனைத்தும் ஒரே மட்டத்துக்கு உரியவை அல்ல. சில பண்புகள் ஒவ்வொரு செல்லுக்கும் உரியவை, சில முழு உடலுக்கு உரியவை, சில தலைமுறைத் தொடருக்கு மட்டுமே உரியவை. இந்த வேறுபாட்டைக் காட்டாமல் ஏழு பண்புகளையும் ஒரே வரிசையில் நிறுத்துவதால்தான் தீயும் கோவேறு கழுதையும் தொல்லை தருகின்றன.

வளர்ச்சியிலிருந்து தொடங்கலாம். அடர்ந்த உப்புக் கரைசலில் ஒரு படிகத்தைத் தொங்கவிட்டால் அது நாளுக்கு நாள் பெரிதாகும். அங்கே நடப்பதோ கரைசலில் ஏற்கெனவே இருந்த சோடியம், குளோரைடு அயனிகள் படிகத்தின் வெளிப்பரப்பில் வந்து ஒட்டிக்கொள்வது மட்டுமே; கரைசலில் இல்லாத எதையும் படிகம் உண்டாக்குவதில்லை. ஒரு மரம் வளரும் விதம் இதற்கு நேர்மாறானது. பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த வான் ஹெல்மான்ட் 200 பவுண்டு உலர் மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் நீர் மட்டுமே ஊற்றி வளர்த்தார். மரத்தின் எடை ஏறத்தாழ 169 பவுண்டாகியிருந்தது; மண்ணில் குறைந்ததோ சுமார் 2 அவுன்சு. அவர் இறந்த பிறகு 1648-இல் இந்தச் சோதனை அச்சில் வந்தது. மரம் முழுவதும் நீரிலிருந்தே உண்டானது என்ற அவருடைய முடிவு பாதி தவறு, ஏனென்றால் மரத்தின் உலர் எடையில் பெரும்பகுதி காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடிலிருந்து வந்தது. கரி எரியும்போது வெளிவரும் அந்த வளியைத் தனியாக அடையாளம் கண்டவர் அவரே என்பதும், தன் மரத்துக்குள் அதுதான் புகுந்தது என்பது அவருக்குத் தோன்றவில்லை என்பதும் அறிவியல் வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று. நமக்கு வேண்டிய செய்தி அதனால் கெடவில்லை. மண்ணிலும் நீரிலும் காற்றிலும் செல்லுலோஸ் இல்லை, லிக்னின் இல்லை, இலையின் புரதங்கள் இல்லை. மரம் அவற்றைத் தனக்குள் தயாரித்துக்கொண்டு, உள்ளிருந்து வளர்ந்தது. ஆகவே உயிரியலில் வளர்ச்சி என்பது பருமன் கூடுவது மட்டுமன்று. வெளியே இல்லாத பொருள்களை உள்ளே ஆக்கிக்கொள்வது.

அடுத்தது தீ. உயிரியல் ஆசிரியர்கள் இந்த எடுத்துக்காட்டைச் சிரித்துத் தள்ளிவிடுவதுண்டு. அது சரியன்று, ஏனெனில் தீக்கும் உயிருக்கும் உள்ள உறவு வெறும் உவமை அல்ல. 1782-83 குளிர்காலத்தில் பாரிசில் லவாய்சியேவும் லாப்லாசும் பனிக்கட்டி சூழ்ந்த கலம் ஒன்றில் ஒரு கினிப்பன்றியை வைத்து, அதன் உடல்வெப்பத்தால் எவ்வளவு பனிக்கட்டி உருகுகிறது என்று அளந்தார்கள். அந்த விலங்கு மூச்சில் வெளிவிட்ட அதே அளவு கார்பன் டைஆக்சைடைத் தரும் மரக்கரியை எரித்தால் எவ்வளவு பனிக்கட்டி உருகும் என்பதையும் கணக்கிட்டார்கள். இரண்டு அளவுகளும் அருகருகே வந்தன. சுவாசம் என்பது ஒருவகை மெதுவான எரிதல் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள்; வேதியியல் கணக்கில் அது இன்றும் செல்லும். 180 கிராம் குளுக்கோஸை அடுப்பில் எரித்தாலும், உடலில் முழுவதுமாக ஆக்சிஜனேற்றம் செய்தாலும், கிடைக்கும் கழிவுகள் கார்பன் டைஆக்சைடும் நீரும்தான், வெளிப்படும் மொத்த ஆற்றலும் ஏறத்தாழ 2,800 கிலோஜூல்தான்.

வேறுபாடு அந்த ஆற்றல் கையாளப்படும் விதத்தில் இருக்கிறது. தீயில் அது ஒரே பாய்ச்சலில் வெப்பமாகவும் ஒளியாகவும் சிதறிவிடுகிறது. செல்லிலோ அதே வினை பல படிகளாக உடைக்கப்பட்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி பொறுப்பேற்று, இடையில் விடுபடும் ஆற்றலின் ஒரு பகுதி ஏடிபி என்னும் மூலக்கூறில் பிடித்துவைக்கப்படுகிறது. செல்லுக்குள் இந்த வேலை நடக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வின் ஒரு புறத்தில் புரோட்டான்கள் தேக்கப்பட்டு, அவை மறுபுறம் திரும்பப் பாயும் விசையால் ஏடிபி உண்டாகிறது என்று பீட்டர் மிட்செல் 1961-இல் முன்மொழிந்தபோது பலர் ஏற்கவில்லை. 1978-இல் அதற்காகவே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிடிக்கப்பட்ட அந்த ஆற்றலைக் கொண்டு செல் செய்யும் வேலைகளில் முதன்மையானது, அதே நொதிகளையும் அதே சவ்வையும் மீண்டும் ஆக்குவது. தீ தன்னை எரிக்கும் கருவியைத் தானே செய்துகொள்வதில்லை, செல் செய்துகொள்கிறது. வளர்சிதை மாற்றம் என்று பாடம் சொல்லும்போது இந்தச் சுற்று முழுவதையும் மனத்தில் கொள்ள வேண்டும்; உணவு செரிப்பது அதில் ஒரு சிறு பகுதி.

சுவாசம் என்பதை மூச்சுவிடுதலோடு குழப்பிக்கொள்ளும் வழக்கத்தையும் இங்கேயே விட்டுவிடலாம். மூச்சு விடுவது நுரையீரலின் வேலை. சுவாசம் என்பது செல்லுக்குள் உணவு மூலக்கூறிலிருந்து ஆற்றலை எடுப்பது, அதற்கு ஆக்சிஜன் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. சதுப்பு நிலச் சேற்றிலும் மாட்டின் இரைப்பையிலும் வாழும் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகளுக்கு ஆக்சிஜன் நஞ்சு. விலங்குகளிலும்கூட, சால்மன் மீனின் தசையில் ஒட்டுண்ணியாக வாழும் ஹென்னிகுயா என்ற சிற்றுயிரிக்கு, ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் எடுக்கத் தேவையான மைட்டோகாண்ட்ரிய மரபணுத்தொகுதியே இல்லை என்று 2020-இல் கண்டறியப்பட்டது. ஆக்சிஜன் எடுப்பது உயிரின் அடையாளம் என்று எழுதுவதைவிட, ஆற்றலை எடுத்துத் தன் கட்டமைப்பைக் காத்துக்கொள்வது என்று எழுதுவது பாதுகாப்பானது.

கட்டமைப்பைக் காப்பது என்றேன். பட்டியலில் தன்நிலை காத்தல் என்று ஒற்றைச் சொல்லாய்க் கடந்துபோவது இதைத்தான், ஆனால் உயிரின் இயல்பு மிகத் தெளிவாகத் தெரிவது இங்கேதான் என்பது என் கருத்து. வெளியே 20 பாகையாக இருந்தாலும் 40 பாகையாக இருந்தாலும் மனித உடலின் உள்வெப்பம் 37 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. இரத்தத்தின் கார அமில நிலை (pH) 7.35-க்கும் 7.45-க்கும் இடையிலேயே வைக்கப்படுகிறது. இந்த நிலைப்பு ஒரு கல்லின் நிலைப்பைப் போன்றதன்று. வளர்ந்த எலிகளுக்கு நைட்ரஜன்-15 என்ற ஐசோடோப்பால் அடையாளமிட்ட அமினோ அமிலங்களை ருடால்ஃப் ஷோன்ஹைமர் 1930-களின் பிற்பகுதியில் உணவில் கலந்து கொடுத்தார். எடை கூடாத, வளர்ச்சி முடிந்த விலங்கு என்பதால் அந்த நைட்ரஜன் உடனே சிறுநீரில் வெளியேறிவிடும் என்றே அக்காலத்தில் எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் அதில் பாதிக்கும் மேல் உடலின் புரதங்களுக்குள் புகுந்திருந்தது. அதே அளவு பழைய புரதம் கலைந்து வெளியேறியிருந்தது. வெளிப்பார்வைக்கு மாறாதிருக்கும் உடலுக்குள் பொருள் இடைவிடாமல் மாறிக்கொண்டிருக்கிறது என்பது அதிலிருந்து உறுதியானது. மாறாத வடிவம், மாறிக்கொண்டே இருக்கும் பொருள் என்ற அளவில் விளக்கின் சுடரும் அப்படித்தானே என்று நம் மாணவி கேட்கக்கூடும். சரிதான். ஆனால் காற்று வீசினால் சுடர் தன்னைச் சரிசெய்துகொள்வதில்லை. உடல் குளிரில் நடுங்கி வெப்பத்தைக் கூட்டுகிறது, வெயிலில் வியர்த்துக் குறைக்கிறது.

துலங்கலைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. தொட்டாற்சுருங்கியின் இலைக்காம்பு அடியிலுள்ள புடைப்பில், தொட்டதும் பொட்டாசியம் அயனிகள் செல்களை விட்டு வெளியேற, அவற்றைத் தொடர்ந்து நீரும் வெளியேறி, விறைப்பு இழந்து இலை தொங்குகிறது. இது கண்ணுக்குத் தெரியும் துலங்கல். தெரியாதவையே பெரும்பான்மை. ஜகதீஷ் சந்திர போஸ் தாவர வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியைச் செய்ததே, அசையாததாகத் தோன்றும் செடியும் வெப்பத்துக்கும் நஞ்சுக்கும் மின்தூண்டலுக்கும் உடனுக்குடன் துலங்குகிறது என்பதைக் காட்டத்தான். இடம்பெயர்தலை உயிரின் பண்பாகக் கொள்ளும் பழைய வழக்கம் தாவரங்களால் தோற்றுப்போனதால், இப்போது பாடங்களில் துலங்கல் அந்த இடத்தைப் பிடித்துவிட்டது.

இனப்பெருக்கம்தான் மாணவர்களை மிகவும் குழப்புவது. குதிரைக்கு 64 குரோமோசோம்கள், கழுதைக்கு 62; இரண்டுக்கும் பிறந்த கோவேறு கழுதைக்கு 63. இனச்செல்கள் உருவாகும்போது குரோமோசோம்கள் இணை சேர வேண்டும். 63 என்ற ஒற்றைப்படை எண்ணாலும், இரு பெற்றோரின் குரோமோசோம்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாததாலும் அது தடைபட, விலங்கு பெரும்பாலும் மலடாகிறது. வேலைக்காரத் தேனீக்களும் பொதுவாக இனம் பெருக்குவதில்லை. ஆனால் கோவேறு கழுதையின் எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு நாளும் எண்ணற்ற புதிய இரத்தச் செல்களை உண்டாக்குகிறது, அதன் தோல் புதுப்பிக்கப்படுகிறது, அதன் காயம் ஆறுகிறது. செல்கள் பெருகுகின்றன, தனி விலங்குதான் பெருகவில்லை. எதிர்ப்புறமாக, நம் இரத்தச் சிவப்பணுக்களை எடுத்துக்கொண்டால், அவற்றுக்கு உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை, அவை பிரியவும் முடியாது. இருந்தும் சுமார் 120 நாள்கள் குளுக்கோஸைச் சிதைத்து ஆற்றல் பெற்று வேலை செய்கின்றன. இவற்றை உயிரற்றவை என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. ஆக, தனி உயிரி ஒவ்வொன்றும் ஈன வேண்டும் என்று இந்தப் பண்பு கேட்கவில்லை. இனப்பெருக்கம் செய்துவந்த ஒரு தொடரில் அது பிறந்திருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது.

தீக்கு இறுதியான விடையும் இங்கேதான் கிடைக்கிறது. வைக்கோல் போரில் தீக்குச்சியால் பற்றிய தீக்கும் மின்னலால் பற்றிய தீக்கும் சிறிது நேரத்தில் எந்த வேறுபாடும் இராது. தீயின் இயல்பைத் தீர்மானிப்பது எரிபொருளும் காற்றும். எந்தத் தீயிலிருந்து பிறந்தது என்பதை அது ‘நினைவில்’ வைத்திருப்பதில்லை. ஆலம்விதையோ செம்மண்ணில் விழுந்தாலும் கோயில் சுவரின் வெடிப்பில் விழுந்தாலும் ஆலமரமாகவே வளர்கிறது. டி.என்.ஏ. என்னும் பதிவு பிரதி எடுக்கப்பட்டு வழங்கப்படுகிறது, அதில் அரிதாகப் பிழை நேர்கிறது, அந்தப் பிழையும் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போகிறது. பிழைகளில் சில பிழைத்திருக்க உதவும், பல கெடுக்கும், சூழல் வடிகட்டுகிறது. பரிணாமம் இதன் விளைவு. தீ எத்தனை காடுகளைத் தாண்டினாலும் பரிணமிப்பதில்லை. 1994-இல் நாசாவின் குழு ஒன்று ‘டார்வின் வழிப் பரிணாமத்துக்கு உட்படக்கூடிய, தன்னைத்தானே நிலைநிறுத்திக்கொள்ளும் வேதி அமைப்பு’ என்று உயிரை விவரித்தது இந்த இரண்டையும் சேர்த்துத்தான். ‘அமைப்பு’ என்ற சொல் தனி விலங்கைக் குறிக்க வேண்டியதில்லை என்பதையும் கவனிக்கலாம்.

இந்த இரண்டும், அதாவது தன்னைக் காக்கும் வேதியியலும் தன்னைப் பிரதி எடுக்கும் பதிவும், நாம் அறிந்தவரை ஒரே கூரைக்குள் சேர்ந்திருப்பது செல்லில் மட்டுமே. தக்கையின் மெல்லிய சீவலில் ராபர்ட் ஹூக் 1665-இல் கண்டது உயிரற்ற செல்களின் வெற்றுச் சுவர்களைத்தான். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் லேவன்ஹூக் நீர்த்துளியில் நீந்தும் உயிருள்ள நுண்ணுயிரிகளைக் கண்டார். தாவரங்கள் செல்களால் ஆனவை என்று ஷ்லைடன் 1838-லும், விலங்குகளும் அப்படியே என்று ஷ்வான் 1839-லும் சொன்னார்கள். செல்லிலிருந்தே செல் பிறக்கிறது என்று விர்ஷோ 1855-இல் வலியுறுத்தியதும், கொதிக்கவைத்த சாறு தூசு புகாத வளைகழுத்துக் குடுவையில் கெடாமலே இருக்கும் என்று 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாஸ்டர் காட்டியதும் சேர்ந்து, உயிர் இன்றைய நிலைமைகளில் உயிரிலிருந்து மட்டுமே வருகிறது என்பதை நிலைநாட்டின. இன்றைய செயற்கை உயிரியலும் இதைத் தாண்டிவிடவில்லை. மரபணு ஆய்வாளர் கிரேக் வென்டரின் நிறுவனம் 2016-இல் 473 மரபணுக்களே கொண்ட ஒரு பாக்டீரியத்தை உருவாக்கியது. அதன் மரபணுத்தொகுதி ஆய்வகத்தில் வேதிமுறையில் தொகுக்கப்பட்டது உண்மை. ஆனால் அதை இயக்கிவைக்க ஏற்கெனவே உயிருடன் இருந்த வேறொரு பாக்டீரியச் செல் தேவைப்பட்டது. அந்த 473-இல் 149 மரபணுக்கள் என்ன செய்கின்றன என்பது அந்த ஆய்வு வெளியான நேரத்தில் செய்தவர்களுக்கே தெரியாது. மிகக் குறைந்த உயிர் என்று கருதத்தக்க ஒன்றிலும் மூன்றில் ஒரு பங்கு புதிராக இருந்தது என்பது, உயிரியல் படிக்கத் தொடங்குகிறவருக்கு ஊக்கம் தரும் செய்தி என்றே நினைக்கிறேன்.

இனி உலர்ந்த விதை. மசாடா கோட்டை அகழ்வில் கிடைத்த, சுமார் 2,000 ஆண்டுப் பழமையான பேரீச்ச விதை ஒன்று 2005-இல் இஸ்ரேலில் முளைத்து மரமானது. நீர்க்கரடி என்னும் நுண்விலங்கு தன் உடல்நீரை ஏறத்தாழ முழுவதும் இழந்து சுருண்டுகொள்ளும்; அந்த நிலையில் அதன் வளர்சிதை மாற்றம் அளவிட இயலாத அளவுக்கு அடங்கிவிடும். 2007-இல் அவ்வாறு உலர்ந்தவற்றை விண்வெளியின் வெற்றிடத்தில் சுமார் பத்து நாள் வைத்துத் திரும்பக் கொண்டுவந்து நீர் விட்டபோது பல மீண்டும் நடமாடின. இதன் பொருள், உயிருக்கு இயக்கம் ஒவ்வொரு நொடியும் நடந்தாக வேண்டும் என்பதில்லை. மீண்டும் இயங்கத் தக்க ஒழுங்கு குலையாமல் இருந்தால் போதும். வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். ஒரு கைப்பிடி பச்சைப்பயறை வேகவைத்துக் காயவைத்தால், அதிலுள்ள தனிமங்கள் ஏறத்தாழ அப்படியே இருக்கும், எடையும் பெரிதாக மாறாது. ஆனால் புரதங்கள் மடிப்புக் குலைந்து, சவ்வுகள் கிழிந்துவிட்டதால் அது இனி முளைக்காது. உறங்கும் பயறுக்கும் செத்த பயறுக்கும் உள்ள வேறுபாடு பொருளில் இல்லை, அதன் அமைப்பில் இருக்கிறது.

வைரஸ் இந்த வரிசையில் கடைசி வழக்கு. புகையிலைத் தேமல் வைரஸை வெண்டெல் ஸ்டான்லி 1935-இல் படிகமாக்கிக் காட்டினார்; சர்க்கரையைப் போல் புட்டியில் வைத்திருந்து, கரைத்து இலையில் தேய்த்தால் நோய் வந்தது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் ஒரு குளிர்விப்புக் கோபுரத்தின் நீரிலிருந்த அமீபாவில் கிடைத்த ஒன்றை முதலில் பாக்டீரியம் என்றே எண்ணினார்கள். 2003-இல் அது மிமிவைரஸ் என்று தெரிந்தது, அதன் மரபணுத்தொகுதி 12 லட்சம் கார இணைகள் நீளம், மேலே சொன்ன 473 மரபணு பாக்டீரியத்தினுடையதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அவ்வளவு பெரிதாக இருந்தும் அதற்கு ரைபோசோம் இல்லை. புரதம் செய்ய ஓம்புயிரியின் செல்லைத்தான் நம்ப வேண்டும். மட்டங்களைப் பிரித்துப் பார்த்தால் வைரஸைப் பற்றிய சண்டை பெரும்பாலும் ஓய்ந்துவிடும். மரபுப் பதிவும் பரிணாமமும் அதற்கு உண்டு, ஆகவே தலைமுறைத் தொடர் என்ற மட்டத்தில் அது உயிருலகைச் சேர்ந்தது. சொந்த வளர்சிதை மாற்றமும் சவ்வுக்குள் தன்னைக் காக்கும் ஏற்பாடும் இல்லை, ஆகவே செல் என்ற மட்டத்தில் அது உயிரி அன்று. தேர்வில் ‘உயிருள்ளவைக்கும் உயிரற்றவைக்கும் இடைப்பட்டது’ என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். எந்தப் பண்பில் இந்தப் பக்கம், எந்தப் பண்பில் அந்தப் பக்கம் என்று ஒரு வரி சேர்த்து எழுதுவது மேலும் நல்லது.

இந்தப் பட்டியலை வகுப்பறைக்கு வெளியே மெய்யாகவே பயன்படுத்த நேர்ந்த இடம் ஒன்று உண்டு. 1976-இல் செவ்வாயில் இறங்கிய இரண்டு வைக்கிங் கலங்களும் உயிரைத் தேடும் கருவிகளைக் கொண்டுபோயின. எந்தப் பண்பைச் சோதிப்பது என்று முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டியிருந்தது. அந்தத் திட்டத்தின் விஞ்ஞானிகள் வளர்சிதை மாற்றத்தைத் தேர்ந்தார்கள். அந்தச் சோதனைகளில் ஒன்று, கதிரியக்கக் கார்பன் கலந்த ஊட்டநீரைச் செவ்வாய் மண்ணில் சொட்டி, கதிரியக்க வளி வெளிவருகிறதா என்று பார்ப்பது. வளி வந்தது, முன்னதாகவே 160 பாகைக்குச் சூடேற்றிய மண்ணிலிருந்து வரவில்லை. பச்சைப்பயறுச் சோதனையின் தர்க்கமேதான் இது, விடையும் உயிர் உண்டு என்பதுபோலவே தோன்றியது. ஆனால் மற்றொரு கருவி அதே மண்ணில் செவ்வாய்க்கே உரிய கரிமச் சேர்மம் எதையும் காணவில்லை. அதோடு, இரண்டாம் முறை ஊட்டநீர் விட்டபோது உயிரிகள் இருந்தால் புதிதாக வளி பெருகியிருக்க வேண்டும். பெருகவில்லை, வெளிவந்திருந்த வளியிலும் ஒரு பகுதி மண்ணுக்குள் திரும்பியது. வளர்சிதை மாற்றத்தை ஒத்த ஒன்று இருந்தது, வளர்ச்சி இல்லை, பெருக்கம் இல்லை, உடலை ஆக்கும் சேர்மங்களும் இல்லை. மண்ணிலுள்ள ஆக்சிஜனேற்றும் வேதிப்பொருள்களே காரணம் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் முடிவுசெய்தார்கள். 2008-இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்ற ஆக்சிஜனேற்றும் வேதிப்பொருளைக் கண்டது அந்த விளக்கத்துக்கு வலுச்சேர்த்தது. கதிரியக்க ஊட்டநீர்ச் சோதனையை வடிவமைத்த கில்பர்ட் லெவினோ, தான் கண்டது உயிரைத்தான் என்று 2021-இல் இறக்கும்வரை வாதிட்டுக்கொண்டிருந்தார்.